ஸ்டோர் இன்ஜினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்

காற்றைக் கண்டு நான் வாயடைத்துப்போனது கொழும்புப் பக்கம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். மின்நிலையத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஓர் அறை நீளத்துக்கு கேஸ் டர்பைன் ஒன்று படுத்திருந்தது. அதை எழுப்புவது மின்சாரம் அல்ல, பக்கத்துச் சிலிண்டர்களில் அடைத்து வைத்த வெறும் காற்று. வால்வைத் திறந்தார்கள். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு பெரிய இரும்பு அசைந்து, சுழன்று, வேகம் பிடித்து, பிறகு தன் நெருப்பில் தானே ஓட ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரம் போனதே தெரியாமல் அங்கேயே நின்றேன்.

பிறகு அந்தக் காற்றைக் கணக்குப் போடுவதே என் வேலையாயிற்று. ஒரு தடவை கிளப்ப எவ்வளவு காற்று வேண்டும், முதல் தடவை பிடிக்காவிட்டால் மறுபடி நிரப்பாமல் எத்தனை தடவை முயலலாம், அதற்கு எவ்வளவு பெரிய சிலிண்டர் வேண்டும் என்பதுதான் கணக்கு. சிலிண்டரில் இருக்கும் காற்றெல்லாம் உதவாது. தண்ணீர் டாங்கியில் குழாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் வெளியே வருமா? அதே கதைதான். அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், காற்று இருந்தும் இயந்திரம் திரும்பாது.

மின்வெட்டுக் காலத்தில் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். எங்கள் தோட்டம் நுவரெலியாவுக்கும் மேலே. தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். அக்கா அங்கே தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். கரண்ட் போகும்போதெல்லாம் அரைபட்ட கொழுந்து அப்படியே கிடந்து புளித்தது. ஸ்டோரின் பின்புறம் பழைய டீசல் இன்ஜின் ஒன்று உண்டு. அதுவும் காற்றால் கிளம்பும் ஜாதிதான். ஆனால் அதன் காற்றுச் சிலிண்டர் துருப்பிடித்ததால், அதை எப்போதோ கழித்துவிட்டார்கள்.

"தொரைகிட்ட ஒன்னையப் பத்திச் சொல்லிட்டேன் புள்ள," என்றாள் அக்கா. "ஸ்டோர மூடிட்டு, கொழுந்தக் கீழத் தோட்டத்துக்கு அனுப்பப் போறாங்களாம். மூடிட்டா எங்க அத்தன பேருக்கும் வேல இல்ல."

கணக்குப் போட்டேன். முப்பது பார் அழுத்தம் வரை நிரப்பும் சிலிண்டர். பதினான்குக்குக் கீழே இன்ஜின் திரும்பாது. ஒரு முயற்சி ஐந்தைத் தின்னும். ஆக மூன்று முயற்சி. நிரப்பும் கம்பிரசர் கரண்டில் ஓடுவது. இரண்டு வெட்டுக்கு நடுவே மூன்று மணி நேரம் கரண்ட் இருக்கும். கேட்டலொக் கணக்குப்படி காலிச் சிலிண்டர் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். இன்ஜின் ரூம் சுவரில் சோக்கட்டியால் அந்த நேரத்தை எழுதியும் வைத்தேன். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

புதுச் சிலிண்டரும் கம்பிரசரும் வந்து பூட்டியதும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சோதனை. தோட்டத்து மேனேஜரான பெரிய துரை வந்து கதவருகே நின்றார். "இன்னக்கி ஓடலன்னா கொழுந்த ஏத்த லொறிய வரச் சொல்லிருவேன்," என்று மட்டும் சொன்னார். மேலே உருளைகளில் காலைக் கொழுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. சொன்ன நேரத்துக்கு கரண்ட் போயிற்று. ஸ்டோர் முழுக்கச் சத்தம் அடங்கியது.

சிலிண்டர் முள்ளைப் பார்த்தேன். இருபத்தைந்து.

முப்பது இருக்க வேண்டும். துரை முன்னால் வாய் திறக்க வெட்கம். இன்ஜின் பார்க்கும் அண்ணனிடம், "திறங்க," என்றேன். அவர் வால்வைத் திறந்தார். இன்ஜின் மெதுவாக இரண்டு சுற்று சுற்றி, மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றுவிட்டது. முள் பத்தொன்பதில். ஐந்து தின்ன வேண்டியது ஆறு தின்றிருந்தது. இன்னும் ஒரே ஒரு முயற்சிதான் பாக்கி.

"கம்பிரசர் இடைல நின்னுச்சாண்ணே?"

"இல்லியே மிஸ். நீங்க எழுதின நேரம் பூரா ஓடிச்சி."

கேட்டலொக்கை எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: கடல் மட்டத்துக்கான அளவுகள்.

என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மலையில் காற்று மெல்லிசு. கடற்கரையில் ஐந்து பங்கு என்றால் இங்கே நான்குதான். கம்பிரசர் ஒவ்வொரு தடவையும் அந்த நான்கைத்தான் இழுத்து அடைத்திருக்கிறது. இன்ஜினுக்கும் அதே மெல்லிய காற்று, போதாததற்கு இந்தக் குளிர், அதுதான் பற்றவில்லை. வெளியூர்க்காரன் ஒருவன் வந்திருந்தால் படியேறும்போதே மூச்சு வாங்கி, முதலில் இதைத்தான் கேட்டிருப்பான். நான் இங்கேயே பிறந்தவள். எங்கள் ஊர்க் காற்றில் ஏதாவது குறையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காற்றைக் கூட்ட வழியில்லை. இன்ஜினின் குளிரைக் குறைக்கலாம். "அக்கா, சுடுதண்ணி," என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

ஸ்டோரில் பிளேன்டீக்கு எப்போதும் ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். அக்காவும் சலிக்கும் பெண்களும் வாளி வாளியாகப் படியிறங்கிக் கொண்டுவந்தார்கள். இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடும் கூட்டுக்குள் பழைய தண்ணீரை இறக்கிவிட்டு, ஊற்றிக்கொண்டே இருந்தோம். இரும்பு கைக்குச் சூடாகத் தெரியும்வரை ஊற்றினோம். அதற்குள் அண்ணன் கடப்பாரையைப் போட்டுச் சக்கரத்தை நெம்பி, காற்று தள்ளத் தோதான இடத்தில் நிறுத்தினார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"திறங்கண்ணே."

அந்தப் பெருமூச்சு. சக்கரம் அசைந்தது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. முள் விழுந்துகொண்டே போயிற்று. பதினைந்தைத் தொட்டபோது இன்ஜின் ஒரு தரம் இருமியது, பிறகு இன்னொரு தரம். அப்புறம் தரை அதிர ஓட ஆரம்பித்தது. மேலே விளக்குகள் எரிந்தன, உருளைகள் சுழன்றன. துரை தலையை ஆட்டிவிட்டுப் போனார். லொறியைப் பற்றிப் பேச்சே இல்லை. என் கண்ணில் தண்ணீர் நின்றது, புகையால் அல்ல.

சுவரில் எழுதியிருந்ததை அழித்து, மூன்று மணி நேரம் என்று திருத்தினேன். காலி வாளிகளோடு நின்ற அக்கா, "மொதல்ல ஏன் புடிக்கல?" என்று கேட்டாள். சொன்னேன். கடற்கரையில் ஐந்து, இங்கே நான்கு என்று.

அக்கா வாளிகளைக் கீழே வைத்தாள். ஸ்டோருக்கு வருமுன் பத்து வருஷம் மலையில் கொழுந்தெடுத்தவள் அவள்.

"அப்ப, மலையில எனக்கு மூச்சு வாங்கினதும் அதுனாலதானா?" என்றாள். "கூடையோட ஏறி வந்து ஒரு நிமிசம் நின்னா, சோம்பேறின்னு கங்காணி ஏசுவாரு. நானும் அப்புடித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

இன்ஜினுக்குப் பார்த்த கணக்கை, இந்த மலையில் ஏறி இறங்கும் ஒருத்திக்காவது நான் பார்த்ததில்லை.

"நீ சோம்பேறி இல்லக்கா," என்றேன்.

"சரி, நான் வாறேன். மேல தூளு விழுந்துக்கிட்டிருக்கு."

இரண்டு கையிலும் இரண்டிரண்டு வாளி. முப்பது படிக்குக் குறையாது. அந்த நான்கு பங்குக் காற்றை இழுத்துக்கொண்டு, நடுவில் ஓரிடத்திலும் நிற்காமல் ஏறிப் போனாள்.