போட்டோக்காரர் மகளின் முகம்

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'சிரிங்க'. ஸ்டூடியோவுக்குள் யார் காலடி வைத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். பல்வலியோடு வந்தவனைக்கூட ஸ்டூலில் உட்கார்த்தி, முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்தி, இளிக்க வைத்து அனுப்பியவர். அந்தப் பெருமையை வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போனதுதான் வினை.

மகள் நடை பழகும்போது விழுந்து அழுதால் தூக்க மாட்டார். "அழுமூஞ்சிய யாரு பார்ப்பா? எங்க, சிரி பார்ப்போம்" என்பார். சிரித்தால்தான் தூக்குவார். வீட்டுச் சுவர் நிறைய அவள் சிரிப்புதான், இன்னொரு ஆணி அடிக்க இடமில்லை. பார்க்கிறவர்கள் 'என்ன சமத்து!' என்றார்கள், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளையைத்தான் ஊர் சமத்து என்கிறது. அவருக்கு அது உறைத்தால்தானே!

இந்த லட்சணத்தில், பள்ளிக்கூட ஊஞ்சலிலிருந்து விழுந்து மகளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மதியம்வரை சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தாள். கை பொதபொதவென்று வீங்கிய பிறகுதான் டீச்சர் கண்டுபிடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர் டீச்சர் மேல் பாய்ந்தார்: "பிள்ளை கை ஒடியிற வரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

டீச்சர் சண்டைக்கு நிற்கவில்லை. "சனிக்கிழமை பெற்றோர் வகுப்பு இருக்கு சார். வலி, பயம், கோபம் எல்லாத்தையும் பிள்ளைங்க வாய்விட்டுச் சொல்லப் பழக்குறோம். வீட்லயும் பழகினாத்தான் ஒட்டும். அவசியம் வாங்க. இப்படியே மறைச்சாள்னா, அடுத்த தடவை கையோட நிக்காது."

"அழக் கத்துக்குடுக்க ஒரு வகுப்பா? உருப்பட்ட மாதிரிதான்" என்று வீட்டில் நக்கலடித்தவர், மனைவி முறைத்த முறைப்பில் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தன் பிள்ளைக்கு வலித்தால் முகம் எப்படிப் போகும் என்று பெற்றவர் நடித்துக் காட்ட வேண்டும். சரியா தப்பா என்று பிள்ளை சொல்லும். ஒரு லாரி டிரைவர் கீழுதட்டைப் பிதுக்கி மூக்கை உறிஞ்சினார். "அய்யோ, நானேதான்!" என்று அவர் மகன் குதித்தான். பெரிய வித்தை என்று நம்மவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் முறை வந்தது. நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். அது மனைவியின் முகம். வாயைக் கோணிப் பார்த்தார், அது யாருடையதோ. மகள் முகத்தை அத்தனை படம் எடுத்த மனிதரிடம் வலித்த முகம் ஒன்றுகூடக் கைவசம் இல்லை. வியர்த்துக் கொட்டியது. வேறு வழி தெரியாமல், பழக்க தோஷத்தில் பல்லைக் காட்டிவிட்டார்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

கட்டுப் போட்ட கையோடு மகள் எழுந்து நின்றாள்.

"அப்பா சரியாத்தான் காட்டுறாரு மிஸ். வலிச்சா எனக்கு மூஞ்சி அப்படித்தான் இருக்கும்."