கல்லிடைக்குறிச்சியில் அரை ஏக்கர் சொடக்குத் தக்காளி

காலை 6.20. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்தில் இறங்கியபோது என் கையில் ஆறு மூங்கில் கூடைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. கோத்தகிரியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தேன். 1996, பங்குனி பிறந்து நான்கைந்து நாள். விடிந்தும் விடியாத அந்நேரத்திலேயே வியர்த்தது. போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிக் கூடைக்குள் திணித்தேன்.

நான் வீட்டில் ஜாம் காய்ச்சி விற்பவள். மலையில் விளையும் சொடக்குத் தக்காளி ஜாமுக்குத்தான் என்னிடம் ஆள் அதிகம். காகிதம் போன்ற உறைக்குள் கோலிக்குண்டு அளவில் பொன்னிறப் பழம். அந்த வருஷம் தை மாத உறைபனி என் செடிகளை மொத்தமாகக் கருக்கிவிட்டது. ஊட்டிக் கடை ஒன்றுக்குச் சித்திரையில் இருநூறு பாட்டில் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். என் கணவரின் தம்பி சங்கரலிங்கம், கல்லிடைக்குறிச்சியில் பள்ளி ஆசிரியர், என்னிடம் விதை வாங்கிப் போய் அரை ஏக்கரில் போட்டிருந்தார். ‘செடி ஆள் உயரம் நிற்கிறது மதினி. நீங்கள் வந்துதான் முதல் பழம் பறிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நம்பித்தான் கூடைகளோடு கிளம்பினேன்.

6.50. அம்பாசமுத்திரம் பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய். சேரன்மகாதேவியில் ஏறிய ஒரு பெரியவர் என் கூடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“வெறுங்கூடையால்லா கொண்டு போறிய? என்ன வாங்கப் போறிய?”

“சொடக்குத் தக்காளி.”

“அது களைல்லா! நாங்க வயல்ல பிடுங்கி வரப்புல போடுதோம்” என்று சிரித்தார். இது வேறு ரகம், பெரிய பழம் என்றேன். “என்னமோ போங்க” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது.

8.15. சங்கரலிங்கம் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். காபிகூடக் குடிக்கவிடவில்லை, நேராக வயலுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி கோமதியும் பின்னால் வந்தாள்.

பார்த்ததும் நின்றுவிட்டேன். என் மலையில் இடுப்புக்கு மேல் வளராத செடி இங்கே என் தோளைத் தொட்டது. உள்ளங்கையைவிடப் பெரிய இலை, கரும்பச்சை. தண்டு விரல் பருமன். கிளைதோறும் உறைகள் விளக்குபோலத் தொங்கின. “பைய வாங்க மதினி, காலடியில சகதி” என்றார் அவர். கால்வாய்த் தண்ணீர் பாத்தியில் நின்றது.

ஒரு உறையைப் பிரித்தேன். உள்ளே பட்டாணி அளவில் ஒரு பச்சைக் காய். அடுத்ததில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. மூன்றாவதில் பழம் இருந்தது. ஆனால் வெடித்து, பூஞ்சை பிடித்து, எறும்பு மொய்த்தது. நான் வரிசை வரிசையாக ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிரித்துப் பிரித்துப் போட்டேன். முழுசாகக் கிடைத்த ஒன்றை வாயில் வைத்தால் தண்ணீரைக் கடித்ததுபோல் இருந்தது. புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை.

“நீங்க ஒண்ணுகூடப் பிரிச்சுப் பாக்கலையா?” என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“உங்க கையாலதான் பறிக்கணும்னு தொடாம வச்சிருந்தேன்.” அவர் முகம் வெளுத்திருந்தது. “வருஷா வருஷம் போடுத பிசான நெல்லை விட்டுட்டுல்லா இதைப் போட்டேன், மதினி.”

“எவ்வளவு உரம் போட்டீங்க? இப்படித் தண்ணி கட்டச் சொன்னது யாரு?”

கோமதிதான் சொன்னாள். “நீங்கதான்க்கா.”

வீட்டுக்குப் போனதும், அவர் விதை வாங்கிப் போன பிறகு நான் எழுதிய இன்லண்ட் லெட்டரை எடுத்துக் கையில் கொடுத்தாள். என் கையெழுத்து. ‘நல்ல வண்டல் மண்ணாகப் பார்த்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை உரம் வையுங்கள். ஈரம் காயவே விடக் கூடாது.’ மலையில் என் கறுப்பு மண்ணில் நான் செய்வதைத்தான் எழுதியிருந்தேன். கொழுத்த மண்ணும் நின்ற தண்ணீரும் செடியை இலையாக வளர்த்துவிட்டன. வந்த பூவில் பாதியை மாசி வெயில் கருக்கியது. தப்பிய பழத்தை, பாத்தியில் நின்ற தண்ணீர் வெடிக்க வைத்தது. இதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்தது. அவர் ஒரு வரிகூட மீறவில்லை.

“தப்பு என் மேலதான், தம்பி” என்றேன். அவர் லெட்டரை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

11.00. எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊட்டிக் கடைக்காரரிடம் பேசினேன். இருநூறு பாட்டில் வராது என்றேன். “இப்பப் போய்ச் சொன்னா எப்படிம்மா?” என்று வைத்துவிட்டார். அந்தக் கடைக்கு நான் மறுபடி சரக்குப் போடவே இல்லை.

திரும்பி வந்தபோது கோமதி என்னைப் புறவாசலுக்குக் கூப்பிட்டாள். கிணறு வெட்டியபோது அள்ளிப் போட்ட சரளை மேடு ஒன்று. “மிஞ்சின நாத்தைத் தூர எறிய மனசில்லாம இங்கன ஊனி வச்சேன்க்கா. உரமும் இல்ல ஒண்ணும் இல்ல. நெனச்சா ரெண்டு செம்பு தண்ணி.” முழங்கால் உயரத்தில் இருபது செடிகள், மெலிந்து, தண்டு ஊதாநிறம் ஏறி. மதியத்துக்கு மேல் மதில் நிழல் விழும் இடம். தரையெல்லாம் உதிர்ந்த உறைகள்.

ஒன்றைப் பிரித்தேன். சிறிய பழம்தான், ஆனால் ஆரஞ்சு நிறமாகப் பழுத்திருந்தது. கடித்ததும் காலையில் வயலில் அதிர்ந்ததைவிட அதிகமாகத் திடுக்கிட்டேன். இத்தனை வருஷத்தில் என் மலைப் பழம் ஒன்றுகூட இப்படி இனித்ததில்லை. சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுத்தேன். மென்றார். குனிந்து தரையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

“இது கீழ விழுந்து கெடக்கதால சீக்குன்னு நெனச்சு, பெருக்கி ஆட்டுக்குப் போடச் சொன்னேன்” என்றார் மெல்ல.

“பழுத்தா விழும், தம்பி. அதையும் நான் எழுதல.”

மாலை 4.30. திரும்பும் பஸ். சரளை மேட்டில் மூன்று கிலோ தேறியது. ஒரு கூடையே நிறையவில்லை. மற்ற ஐந்தையும் கோமதியிடமே விட்டு வந்தேன். அடுத்த வருஷம் வயலில் நெல் போட்டார்கள். சரளை மேட்டை மட்டும் கோமதி இன்னும் நீட்டிக்கொண்டாள்.

கோத்தகிரி வந்து சேர்ந்ததும் குளிக்கக்கூட இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்குப் போனேன். பனியில் கருகிய செடி ஒன்றின் அடியில் வெட்டினேன். மேலே நான்கு விரல் கறுப்பு மண். அதற்குக் கீழே மண்வெட்டி ணங்கென்றது: முழுக்கச் சரளைக் கல், கையில் அள்ளினால் ஈரமே ஒட்டாத கல். பன்னிரண்டு வருஷம் அங்கே குனிந்து பழம் பொறுக்கியிருக்கிறேன். செடி எதில் நிற்கிறது என்று ஒருநாளும் தோண்டிப் பார்த்ததில்லை.