ஆம்பூர் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கண்ணாடிக் குழாய்களை ஒரு அலசு அலசிக் கவிழ்த்துவிட்டு ஓடுவோம். உபைதுல்லா மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கழுவுவான். முதல் வருடம் பி.எஸ்சி. வேதியியலில் எனக்குக் கிடைத்த ஒரே நண்பன் அவன்தான். வண்ணாரப்பேட்டையில் மூன்றாவது மாடியில் வீடு. அவன் அத்தா, அதாவது அப்பா, சௌக்கத் அலி துறைமுகத்தில் சரக்கு சரிபார்ப்பவராக இருந்தார். பொங்கல் கழிந்த வாரம் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கோணிக்கொண்டது.

இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு வழியில்லை. கல்லூரி மாறினால்தான் படிப்பு. மே மாதம் முழுக்க டீக்கடை வாசலில் நின்று இரண்டு விண்ணப்பங்களை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒன்று ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே, பாதிக் கட்டணம் தள்ளுபடி. இன்னொன்று ஆம்பூர் பக்கம், ஓர் அறக்கட்டளை நடத்துவது. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாமே இலவசம்.

“இன்னா மாமு யோசிக்கிற? ஆம்பூரு போனா பிரியாணியாவது கெடைக்கும்.”

“கெடைக்கும். அத்தாவ பாத்ரூமுக்கு யார்டா தூக்குவா?”

“நான் வரேன். காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா.”

“நீயா? சிலிண்டர் தூக்கறதுக்கே நாலு தபா ஒக்காருவ.”

சிரித்தான். ஆனால் அன்றைக்குத்தான் முடிவு செய்தான். பாதியைக் கட்டவும் வீட்டில் ஒன்றுமில்லை. ஆம்பூர்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அசல் டி.சி. சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றிருந்ததால் திங்கட்கிழமையே போய் வாங்கினான். “வாங்கினா வாங்கினதுதான் தம்பி, திரும்பி வந்தா எடம் இருக்காது” என்றார் அலுவலகத்துக்காரர். இவன் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டான்.

மிச்சமிருந்தது விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் மட்டும். இந்தக் குடும்பம் ஏழைகளுக்கான ஜகாத் நிதி பெறத் தகுதியானது என்று அவர்கள் பகுதிப் பள்ளிவாசலின் மஹல்லா ஜமாஅத் கையெழுத்திட வேண்டும். அதை ஒரு வேலையாகவே நாங்கள் நினைக்கவில்லை.

புதன்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஜமாஅத் அலுவலகத்துக்குப் போனோம். செயலாளர் வசீம் பாய் தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நோன்புல ஜகாத் அரிசியோட உங்க வூட்டுக்கும் பசங்கள அனுப்பினேன் தம்பி. உங்கம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? அல்லா புண்ணியத்துல நாங்க நல்லாகீறோம், இல்லாதவங்களுக்குக் குடுங்கன்னுட்டாங்க. கதவாண்ட நாலு பேரு நின்னு கேட்டது.”

“அப்பவே அத்தா உழுந்து ரெண்டு மாசம் பாய்.”

“தெரிஞ்சிதான் அனுப்பினேன். வூட்டுக்காரங்களே வாணாம்னு சொன்னதுக்கப்புறம், இவுங்க வாங்கத் தகுதியானவங்கன்னு நான் எப்டிப்பா எழுதுவேன்? மறுமைல எனக்குக் கேள்வி கீது.” தாளைத் தடவிக்கொண்டே இருந்தார். “அம்மாவ ஒரு தபா வரச் சொல்லு. ஆமா, எங்களுக்கு வேணும்னு ஒரே வார்த்த. இங்கயே எழுதித் தரேன். இல்ல, நானே மாடியேறி வரட்டா?”

“வாணாம் பாய். நானே பேசிட்டு வரேன்.”

வீட்டில் ரஹீமுன்னிசா அம்மா கணவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையெழுத்து வாங்கப் போனோம் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். எங்களைப் பார்த்ததும் டீ ஊற்றினார்.

“வசீமு இன்னா சொன்னாரு? பேரச் சொன்னதுமே போட்டிருப்பாரே. இவுங்கத்தா ஒவ்வொரு நோன்புக்கும் அந்த ஆபீஸ்லேர்ந்து அரிசி மூட்டையத் தோள்ல போட்டுகினு எத்தினி மாடி ஏறியிருப்பாரு! யார் வூட்டுக்குன்னு எங்கிட்டகூட சொன்னதில்ல நைனா. வாங்கறவங்க மொகத்த யாரும் பாக்கக் கூடாதும்பாரு.”

சுவரில் சாய்ந்திருந்த அத்தா இடது கையைச் சற்றே தூக்கி, பெரிய விஷயமில்லை என்பதுபோல் அசைத்தார்.

உபைதுல்லா டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். டீயில் ஆடை படிந்துவிட்டது. “போட்டாரும்மா” என்றான்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். படியிறங்கும்போதுதான் திறந்தேன். “நான் சொல்றேன்டா அம்மாகிட்ட. ஒரு வார்த்ததான.”

“எங்கம்மா அந்த ரூம்ல போயி நின்னு அத்தச் சொல்லணுமா? சொன்னின்னா நீ எனக்கு தோஸ்தே இல்ல.”

வெள்ளிக்கிழமை போய்விட்டது. மறுவாரம் வீட்டில், ஆம்பூர் வேண்டாம், இங்கேயே ஒரு கல்லூரியில் முழுக் கட்டணமும் தள்ளுபடி ஆகிவிட்டது என்றான். அந்த அம்மா அங்கேயே தொழுகை விரிப்பைப் போட்டார். எழுந்து வந்து என்னிடம் சொன்னார்: “இவன் ஊருக்குப் போகக் கூடாதுன்னுதான் நைனா தெனம் துஆ கேட்டுகினு இருந்தேன். புள்ளகிட்ட எப்டி சொல்றது? அல்லா கேட்டுட்டான் பாரு.”

இப்போது அவன் மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். திரும்பி வரும் பெட்டிகளில் எங்கே நசுங்கல், எங்கே துரு என்று பார்த்துச் சாக்பீஸில் வட்டம் போட வேண்டும். சம்பளத்தை வீட்டில் கொடுக்கும்போது, பகுதிநேர வேலைக்குக் கிடைப்பது என்கிறான். சாப்பாட்டுப் பையில் ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டும் போகிறது. சனிக்கிழமை அம்மா துவைக்கக் கேட்பார் என்பதால் வாரம் முழுக்கப் பைக்குள்ளேயே கசக்கி வைத்திருக்கிறான்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்டையார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பான். அன்று வகுப்பில் நடந்ததை நான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனதும் அவன் அத்தா கோணிய வாயால் “இன்னா நட்த்தினாங்க?” என்று கேட்பாராம். அவர் பேசுவது அந்த ஒரு கேள்விதான் என்றான்.

போன மாதம் உலோக அரிப்புப் பாடம். சொல்லி முடித்ததும் கேட்டான்: “பெயின்ட் நல்லாதான் கீது, ஒரு ஓரத்துல சின்னக் கீறல். அங்கேர்ந்து பெயின்ட்டுக்கு அடியிலயே ரெண்டடி தூரம் துரு ஓடிகினே போவுது மாமு. உள்ள காத்தே இல்லியே, எப்டி?”

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் கேட்டேன். நான் எழுந்து நின்று கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. பேராசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் பலகையில் வரைந்து விளக்கினார். “இந்த வருஷத்துலயே உருப்படியான கேள்வி” என்று என் பெயரைச் சொன்னார்.

சாயங்காலம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொன்னான். அப்புறம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“எங்க ஒக்காந்து கேட்ட?”

“ஜன்னலாண்ட. நம்ம எடத்துலதான்.”

“எம் பக்கத்துல இப்ப யாரு ஒக்கார்ரா?” என்றவன், “ஒம் பக்கத்துல” என்று திருத்திக்கொண்டான்.

“யாரும் இல்லடா.”

பஸ் வந்தது. படியில் ஏறிக்கொண்டே, அத்தாவிடம் சொல்வதற்காக, உதடு அசைய ஒப்பித்துக்கொண்டு போனான்.