சிரிக்கக் கூடாத படங்கள்

என் மகள் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவள். இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் மாதமே அந்தக் கடையில் சேர்ந்தாள், பதினொரு வருஷமாகிறது. காலையில் கடை திறந்ததும், ஆள் வருவதற்கு முன் விளக்கைச் சரிபார்க்க வேண்டும். யாராவது உட்கார்ந்தால்தானே நிழல் எங்கே விழுகிறதென்று தெரியும்? அதனால் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, தானே உட்கார்ந்து தன்னையே எடுப்பாள். காது தெரிய வேண்டும், பின்னால் நிழல் கூடாது, சிரிக்கவே கூடாது. முதலாளி அழிக்கச் சொன்னார், இவளா அழிப்பாள்? அத்தனையையும் சேர்த்து வைத்தாள்.

பேத்தி வயிற்றில் இருந்தபோது உப்பிய கன்னம், முடி கொட்டிய வருஷம், முதல் முதலாகக் கண்ணாடி போட்ட நாள், எல்லாம் அதில் உண்டு. அவற்றை ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு அனுப்பினாள். ஒரு சுவர் முழுக்க இவளுக்கே கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திறப்புக்கு முந்தின நாள் போனோம். படங்களுக்கு மேலே பெரிய பலகை. எனக்கு எழுத்து தெரியாது.

"என்னடி போட்டிருக்கு?"

"'தொலைந்துபோனவள்'னு போட்டிருக்காங்கம்மா." அவள் குரல் இறங்கிவிட்டது.

கண்காட்சி நடத்துகிற அம்மாள் வந்தார். எல்லா முகத்திலும் ஊரை விட்டு வந்த சோகம் தெரிகிறதாம். மகள் அதை எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, பற்றிக்கொண்டு வந்தது.

"சோகமா? பல்லைக் காட்டினா பாஸ்போர்ட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவான்னு சொல்லு. அந்தம்மா பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாக்கச் சொல்லு, அவங்களும்தான் தொலைஞ்சு போயிருப்பாங்க!"

"சும்மா இரும்மா. கிடைச்ச சுவரே போயிடும்."

"போகட்டும். நீ தொலைஞ்சியா? அதைச் சொல்லு."

 மகள் ஏணியை இழுத்துப் போட்டு, படங்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"இந்தப் பலகை இருந்தா என் படம் இருக்காது" என்று அந்த அம்மாளிடம் அவர் மொழியிலேயே நிதானமாகச் சொன்னாள். நாலாவது படம் கீழே வந்தபோது, அவரே ஆளைக் கூப்பிட்டுப் பலகையை இறக்கச் சொன்னார்.

இப்போது அங்கே என் மகள் கையெழுத்தில் ஒரு சின்ன அட்டை: 'வெளிச்சம் பார்க்க எடுத்தவை.'

திறப்பு நாளில் ஒருவர் அவளிடம் எந்த ஊர் என்று கேட்டார்.

"பஸ் நிலையத்துக்குப் பின்னாடி, போட்டோக் கடை. ஒன்பது மணிக்குத் திறப்பேன், வாங்க" என்றாள்.