மணி அடிக்காத நாள்

எனக்குத் தசைச் சோர்வு நோய். காலையில் எழும்போது எல்லாம் சரியாக இருக்கும். போகப் போக இமை இறங்கும், வாய் குழறும், சோறு தொண்டையில் நிற்கும். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். சோம்பேறி என்றார்கள். சேலத்து டாக்டரம்மா மாத்திரை கொடுத்த பிறகுதான் அது நோய் என்றே தெரிந்தது.

மாத்திரை நேரம் தவறக் கூடாது. கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் கடிகாரம் இல்லை. எஸ்டேட் மணிதான். ஆள் எடுக்க ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, பழம் நிறுக்க ஒன்று. மணி கேட்டால் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டுக்காரர் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டில் நேரம் கேட்டு வருவார்.

கர்ப்பமானதும் டாக்டரம்மா சொன்னார். "கர்ப்பப்பை தன் வேலையைத் தானே பாத்துக்கும்மா. கடைசியில முக்கத்தான் உன் தெம்பு வேணும். அதை வீணாக்காதே. முன்னாடியே இங்க வந்துடு. யார் ஊசி போட வந்தாலும் நோயைச் சொல்லு. சிலது உனக்கு ஆகாது, மூச்சு நின்னுடும்."

பிள்ளைக்கும் சில வாரம் சோர்வு இருக்கலாம், அழுகை மெலிந்திருக்கும், பால் உறிஞ்சாது என்றார்.

முன்னாடியே போகத்தான் இருந்தோம். வலி முந்திக்கொண்டது. அன்று லைனில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். சாவு விழுந்தால் வேலை இல்லை, மணியும் இல்லை. வீட்டுக்காரர் குழி வெட்டப் போயிருந்தார். நான் வலியோடு மணிக்குக் காது கொடுத்துப் படுத்திருந்தேன். வெயில் சாய்ந்தபோது எச்சில் இறங்கவில்லை. அப்போதுதான் உறைத்தது, இன்று மணியே அடிக்காது, மாத்திரை தவறிவிட்டது என்று.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "வலி வந்துருச்சா? முக்கு கண்ணு, நல்லா முக்கு."

"வேண்டாங்கக்கா. மாத்திரை." பேச்சு மூக்கால் வந்தது.

"என்ன கண்ணு, சாவு வீட்டுல நீயும் ஊத்திக்கிட்டயா?"

சிரித்துக்கொண்டே வந்த அக்கா, என் இமையைப் பார்த்ததும் மாத்திரையைத் தேடி எடுத்தார். என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, மாத்திரையைப் பொடித்து, கரண்டியில் துளித்துளியாக ஊட்டினார். பிறகு ஆள் அனுப்பினார்.

வீட்டுக்காரர் மண் கையோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க, குளிக்காம உள்ள வராதீங்க. தீட்டு."

"மூச்சுப் போனா தீட்டு யாருக்குங்க?" என்று என்னைத் தூக்கினார்.

சாவுக்குப் பூ ஏற்றி வந்த ஜீப் நின்றிருந்தது. அதிலேயே மலை இறங்கினோம். வளைவுக்கு வளைவு சாமந்தி என் மேல் உருண்டது. நான் முக்கவில்லை. மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் என் மருந்தையே ஊசியாகப் போட்டார்கள். இமை ஏறியது. டாக்டரம்மா "இப்ப" என்றார். இருந்த தெம்பையெல்லாம் கொடுத்தேன். மீதிக்கு ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார். பெண். வாய் திறந்து அழுதாள், சத்தம் வரவில்லை.

பிள்ளைக்கு மூக்கில் குழாய் விட்டுப் பால் இறக்கினார்கள். அப்புறம் பாலாடையில் புகட்டினோம். ஒரு நாள் மார்பைப் பிடித்தவள் விடவில்லை. அதன் பிறகுதான் ஊர் திரும்பினோம். வீட்டுக்காரர் ஒரு கடிகாரம் வாங்கி வந்தார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா வாசலில் நின்றார்.

"நொம்பக் கத்துது உம்புள்ள. எஸ்டேட்டுக்கு இனி மணியே வேண்டாம்."

வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கக் குனிந்தார். நான் கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் கத்தட்டுங்க."