சம்பல் போத்தலில் சிரித்த பெண்

கற்பிட்டியில் அஸ்ரியாவின் கூனிச் சம்பலைத் தெரியாத ஆள் கிடையாது. கூனி என்பது நகக்கண் அளவான காய்ந்த இறால். அதை மண் போகப் புடைத்து, வறுத்து, மிளகாயோடு அவள் இடிக்கத் தொடங்கினால் தெருமுனை வரைக்கும் தும்மல் கேட்கும். புருஷன் தாஹிர் மௌத்தாகிப் பதினொரு வருஷம். அந்தச் சம்பலை விற்றுத்தான் இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாள்.

போத்தலில் முன்பெல்லாம் பெயர் மட்டும்தான் ஒட்டியிருக்கும். படம் இல்லாத போத்தலை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மதுரங்குளிச் சந்திக் கடைக்காரர் சொல்லிவிட்டார். போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் மருமகன் ரிஃபாஸ், "மாமி, ஒங்கட படத்தையே போடுவம்" என்றான்.

"என்ட மூஞ்சியப் பாத்தா ஆரு மகன் சம்பல் வாங்குவா?"

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவள் சொன்னது உண்மையாகத்தான். பத்தொன்பது வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுவிட்டுப் போய், பெண் வடிவு காணாது, அழகு பத்தாது என்று சொல்லியனுப்பினார்கள். மூன்று மாதம் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வந்த தாஹிர் தங்கமான மனிதர்தான். ஆனால் அவளுடைய முகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. போதாததற்கு, கைம்பெண் படம் கடையில் தொங்கினால் அவளுடைய அண்ணன், அந்த நானா, வீட்டுப் படி மிதிக்க மாட்டார்.

"அப்ப ஆருமே இல்லாத ஒரு பொம்பளையப் போடுவம்" என்று ரிஃபாஸ் ஃபோனை எடுத்தான். முக்காடு போட்ட, சிரித்த முகமுள்ள கடற்கரைப் பெண், கையில் மண்சட்டி என்று எழுதினான். ஒரு நிமிஷத்தில் ஏஐ வரைந்து கொடுத்தது. இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல வடிவு, நாடிக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். யாருடைய முகமும் இல்லை, ஒருவரும் சண்டைக்கு வர முடியாது என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஜௌபரின் மகள் நஸ்ஹாவுக்கும் நாடியில் மச்சம். அன்றாடம் பார்க்கிற முகம் என்பதால் அது இருவருக்கும் தோன்றவே இல்லை. நஸ்ஹாவை மதுரங்குளியில் பேசி, நாள் குறிக்கிறதுதான் பாக்கி. ஒரு நாள் பகல் சோற்றுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளையின் உம்மா ஹிதாயா, மேசையில் இருந்த சம்பல் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். வரப்போகிற மருமகள் அதிலிருந்து சிரித்தாள்.

அன்று மாலையே ஜௌபர் போத்தலும் கையுமாக வந்துவிட்டார். "ராத்தா, என்ட மகள்ட போட்டோவ ஆரு ஒங்களுக்குத் தந்த?"

அது கம்ப்யூட்டர் வரைந்தது என்று காட்ட, ரிஃபாஸ் அவர் முன்னாலேயே இன்னும் பத்து முகங்களை உண்டாக்கினான். அதோடு காரியம் கெட்டது. ஜௌபரின் மனைவி எட்டிப் பார்த்து, "இது தபால் கந்தோர் றிஃப்னா. இது நெய்னார்ட மூத்த மகள்" என்று ஆள் அடையாளம் சொல்லத் தொடங்கினாள். ஊர்ப் பெண்கள் எல்லாருடைய போட்டோவும் இவனிடம் இருக்கிறது என்றே ஜௌபர் முடிவு கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹிதாயா நேரில் வந்தாள். ஜௌபர் வீட்டு மேசையில் தேத்தண்ணிக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் அந்தப் போத்தல் இருந்தது. அஸ்ரியாவையும் ரிஃபாஸையும் கூப்பிட்டிருந்தார்கள். ரிஃபாஸ் வியர்க்க வியர்க்க விளக்கினான்.

"ஆளில்லாம முகம் எங்கால வந்த, மகன்?" என்றாள் ஹிதாயா. "கடை கடையா நிக்கிற புள்ளய நாங்க எப்படி எடுக்கிற?"

அறைத் திரைக்குப் பின்னால் நஸ்ஹா விம்முவது கேட்டது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. அஸ்ரியாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

"அது நான்தான்" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"இருபத்தஞ்சு வயசில எடுத்த படம். வெக்கத்தில இவ்வளவு நாளும் சொல்லல்ல."

"மச்சம்?" என்றாள் ஹிதாயா.

"அது மருமகன் வடிவுக்கு வச்ச."

ரிஃபாஸ் வாயைத் திறந்து, மாமியின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஹிதாயா மூக்குக்கண்ணாடியை மாட்டி, போத்தலை அஸ்ரியாவின் கன்னத்தோடு வைத்துப் பார்த்தாள். "ஓம், மூக்கு அப்படியே இருக்கு." நஸ்ஹாவேதான் என்று அதுவரை அடித்துப் பேசிய ஜௌபரின் மனைவி, "கண்ணும்தான்" என்றாள். ஆளில்லை என்றபோது நம்பாதவர்கள் ஆளைக் காட்டியதும் நம்பிவிட்டார்கள். ஹஜ் பெருநாள் முடிந்த கையோடு கலியாணம் என்று அன்றைக்கே பேச்சு முடிந்தது.

விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து நானா அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறொன்று. அன்று புறப்படும்போது ஹிதாயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வயசில எவ்வளவு வடிவா இருந்திருக்கிறீங்க, ராத்தா! ஒங்களப் பொண்ணு பாக்க வந்தவங்க கண்ண எடுத்திருக்க மாட்டாங்க" என்றாள்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு அஸ்ரியா வீட்டுக்கு வந்தாள். போத்தல்கள் அடுக்கியிருந்த மேசைக்கு முன்னால், அத்தனை சிரிப்புக்கும் எதிரே உட்கார்ந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள்.