கடைசிப் பங்கும் நிஷாந்தியக்காவின் புல்லு மெஷினும்

“பெரிசு பெரிசு எண்டுறாய். வெட்டுறதுக்குப் பெரிசோ, தூக்குறதுக்குப் பெரிசோ?”

மன்னார் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த நிஷாந்தியக்கா இப்படிக் கேட்டார். என் போனில், தோளில் மாட்டிப் புல் வெட்டுகிற ஐம்பத்திரண்டு சிசி புல்லு மெஷின் ஒன்றின் படத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். செம்மஞ்சள் நிறம், நல்ல பளபளப்பு, விலையும் மலிவு. சிசி கூடினால் பலமும் கூடும் என்று விளங்கப்படுத்தினேன்.

“அது சரி. ஆனா நான் அதைக் கேக்கேல்லையே,” என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரிந்த காலம் அது. யார் எங்கே கூப்பிட்டாலும் போவேன். அன்றைக்கு நிஷாந்தியக்கா மெஷின் வாங்கக் கூப்பிட்டார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

அவருடைய அப்பா அழகையா மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது நடந்த ஒரு கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு மன்னாருக்கு வந்தார். எங்கள் ஊர் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அழகையா இங்கே மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றார். நிஷாந்தியக்கா பிறந்தது எங்கள் ஊரில். சண்டைக் காலத்தில் ஓடியதும், முகாமில் கிடந்ததும், திரும்பி வந்ததும் எங்களோடுதான். அப்படியிருந்தும் ஊரில் சிலருக்கு அந்தக் குடும்பம் இன்னும் ‘தோட்டக்காட்டார்’ தான்.

நிஷாந்தியக்கா பதினாறு வயதில் களை பிடுங்கப் போனார். பெண்களுக்குக் கூலி குறைவு என்று கண்டதும், “ஆம்பிளையளுக்குக் குடுக்கிற சம்பளத்தை எனக்கும் தாங்கோ, நானும் மருந்து டாங்கி தூக்கிறன்” என்று கேட்டார். தூக்கினார். எங்கள் வயலிலும் அவர்தான் மருந்தடித்தார். அப்படி உழைத்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில், கனடாவில் இருக்கிற ஒருவருடைய இரண்டு ஏக்கரை அதற்கு முந்தின வருடம் வாங்கினார். அந்தக் குடும்பத்தில் சொந்த வயல் வைத்த முதல் ஆள் அவர்தான்.

ஆனால் அந்த வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வயல் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் வாய்க்காலில் ஒரு பங்கு இருக்கும். மாரி மழையோடு விதைக்கிற காலபோகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்பு அந்தப் பங்கை அவரவர் வெட்டித் துப்பரவாக்க வேண்டும். வெட்டாதவருக்கு அந்தப் போகம் தண்ணீர் இல்லை. நிஷாந்தியக்காவுக்கு வயலோடு வந்த கடைசிப் பங்கில் வருடக்கணக்காக ஒருவரும் கத்தி வைக்கவில்லை. கரை முழுக்க நாயுண்ணிப் பற்றையும் உடைமுள்ளும். அடியில் ஆளுயரத்துக்குச் சம்புப்புல். அதற்குள் வாய்க்கால் இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும்.

ஊர் விவசாயிகள் கூடுகிற கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“கடைசிப் பங்கு இந்த முறை நிஷாந்தியிட. வெட்ட ஏலாதெண்டா இப்பவே சொல்லலாம். வயலை ஆரும் குத்தகைக்கு எடுப்பினம்.”

“கொழுந்து கிள்ளுற மாதிரி எண்டு நினைச்சிட்டா போல,” என்றது பின்வாங்கிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

நிஷாந்தியக்கா எழும்பி நின்றார். “வெட்டுவன் அண்ணை,” என்றார்.

அந்தத் தலைவர் யோகராசா என் அப்பா. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அம்மாவிடம் சொன்னார்: “பாத்தியே, இவ்வளவு காலமும் ஐயா. ரெண்டு ஏக்கர் வந்தோடன அண்ணை.”

முதலில் நிஷாந்தியக்காவும் அழகையாவும் கத்தியோடுதான் இறங்கினார்கள். ஒரு கிழமை வெட்டியும், தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மெஷினோடு வாடகைக்கு வெட்டுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, “பிளேட் போயிடும் அக்கா” என்று திரும்பிப் போனார்கள். சொந்தமாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மன்னாரில் முதலில் போனது பெரிய கடை ஒன்றுக்கு. என் போனில் இருந்த அதே செம்மஞ்சள் மெஷின் வாசலிலேயே நின்றது. கடைப் பெடியன் பெல்ட்டை அவர் தோளில் மாட்டிவிட்டான். நிஷாந்தியக்கா கொஞ்சம் நின்றார். பிறகு இரண்டு கையையும் விட்டார். பாரமான என்ஜின் பின்னுக்குச் சரிய, முன்னால் பிளேட் எழும்பி அந்தப் பெடியனின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

“தம்பி, இது புல்லு வெட்டாது. ஆளைத்தான் வெட்டும்.”

“கையால அமத்திப் பிடிக்கோணும் அக்கா.”

“நாள் முழுக்க அமத்திப் பிடிக்க நீங்கள் வாறியளோ?”

இரண்டாவது கடையில் இருந்தது பாரமில்லாத மெஷின், நைலோன் நூலால் வெட்டுவது. “பள்ளிக்கூட வளவுக்கு நல்லம். உடைமுள்ளுக்கு முன்னால இந்த நூல் பாவம்,” என்று வெளியே வந்தார். எனக்குக் கால் வலித்தது. ஒரு மெஷின் வாங்க இவ்வளவா என்று நினைத்தேன்.

மூன்றாவது, சந்தியோகு என்பவரின் கடை. படகு என்ஜின் திருத்துகிறவர், புல்லு மெஷினும் விற்கிறார். அங்கே பெயர் கேள்விப்படாத மெஷின் ஒன்று இருந்தது. என்ஜின் சின்னது. குழாய் தடிப்பு. சைக்கிள் ஹாண்டில் மாதிரி இரண்டு பிடி, இரண்டு தோளுக்கும் பெல்ட். நிஷாந்தியக்கா அதைக் கொழுவிக் கையை விட்டார். பிளேட் நிலத்துக்குச் சற்று மேலே அசையாமல் நின்றது. தெருவோரத் தண்ணீர்க் கானின் சரிவில் இறங்கி ஏறினார். பிறகு மெஷினைக் கழற்றாமலே பக்கத்துக் கடையில் பிளேன் டீ ஒன்று வாங்கி, நின்றபடி ஆறுதலாகக் குடித்தார். தெருவில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

“பிள்ளை, வாங்கப்போறியோ, வாடகை தரப்போறியோ?” என்று சந்தியோகு கேட்டார்.

“மருந்து டாங்கியும் காலமை லேசாத்தான் இருக்கும் அண்ணை. பின்னேரம்தான் அது ஆரெண்டு தெரியும். இது உடைஞ்சாச் சாமான் இருக்கோ?”

“இருக்கு.”

“காட்டுங்கோ.”

“சொன்னா நம்ப மாட்டியோ?”

“கொழும்பில இருந்து வரோணுமெண்டா, அதுக்கு முதல் எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி வந்திடும்.”

சந்தியோகு லாச்சியை இழுத்துக் கிளச், கார்பரேட்டர் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். விலையில் அவர் இறங்கவில்லை. நிஷாந்தியக்கா வேறு பக்கத்தால் போனார். கேத்திக்கு ஒன்று, பற்றைக்கு ஒன்று என்று வாளின் பல் மாதிரிப் பல் உள்ள வட்ட பிளேட் இரண்டு சும்மா தரச் சொல்லிக் கேட்டார். “கேத்தி எண்டா?” என்று சந்தியோகு முழித்தார். “என்ட ஆட்டுக்குப் பேர் அண்ணை. அதுக்குக் குழை வெட்ட.” சந்தியோகு சிரித்துத் தோற்றார். கல் தெறித்துக் கண்ணில் படும் என்று, கடலட்டை பிடிக்கிறவர்கள் போடுகிற சுழியோடிக் கண்ணாடி ஒன்றையும் தூக்கிக் கொடுத்தார்.

“கண்ணாடியில மூச்சுப் புகார் படிஞ்சா உள்ளுக்குத் துப்பிக் கழுவு. கடலிலயும் அதுதான் வழி.”

மெஷின் வந்த செய்தி எங்களுக்கு முதல் ஊருக்குப் போய்விட்டது. அப்பா நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஆட்டுக்குட்டி மாதிரி ஒண்டை வாங்கி வைச்சிருக்கினம்” என்றார். அந்தக் கிழமையே பெரிய கடைக்குப் போய்ச் செம்மஞ்சள் ஐம்பத்திரண்டை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் வைத்து முடுக்கினார். சத்தத்தில் கோழிகள் மதிலால் பாய்ந்தன.

நிஷாந்தியக்காவின் முதல் நாள் ஒன்றும் வீரக் கதை இல்லை. விடியவே பனியோடு சம்புப்புல்லுக்குள் இறங்கினார். ஈரப் புல் பிளேட்டின் கழுத்தில் கயிறாகச் சுற்றிக்கொண்டது. நிறுத்தி, அறுத்து, திரும்ப நிறுத்தி, அறுத்து, மதியம் ஆகிவிட்டது. ஒரு கல் தெறித்து முழங்காலுக்குக் கீழே தோலை உரித்தது. கரையில் இருந்து பார்த்த அழகையா, “மெஷினு எல்லாம் வேணாம்மா, கத்தியே போதும்” என்று கெஞ்சினார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் என் கால் காப்பைக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடக் காற்பந்து அணியில் பின்வரிசையில் விளையாடினேன். அந்தக் காப்பு மன்னாரின் அரைவாசிப் பள்ளிக்கூடங்களிடம் உதை வாங்கியது.

சுழியோடிக் கண்ணாடி, தலையில் துவாய், காலில் காற்பந்துக் காப்பு, பழைய சப்பாத்து. அந்தக் கோலத்தில் அவர் எழும்பி நின்றபோது அழகையாவே சிரித்துவிட்டார். “கடலுக்குப் போறியா, மேட்ச்சுக்குப் போறியா?”

“ரெண்டுக்கும் அப்பா.”

அடுத்த நாளிலிருந்து முறையை மாற்றினார். காலையில் கரைப் பற்றை, வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு சம்பு. நாயுண்ணியை அடியில் ஒரேயடியாக வெட்டினால் முழுப் பற்றையும் மேலே சரிகிறது என்று கண்டு, முதலில் மேல் பாதியைச் சீவினார், பிறகு அடியை வெட்டினார். அழகையா கவட்டைத் தடியால் முள்ளை இழுத்துக் குவித்தார். மெஷினில் இருந்த சின்னப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால், பெற்றோலுக்குள் எவ்வளவு ஓயில் கலக்க வேண்டும் என்று நான் வாசித்துச் சொன்னேன். அதை அவர் போத்தலில் கோடு கீறி வைத்துக்கொண்டார். இடையில் எங்கோ கிடந்த கொங்கிறீற் துண்டில் ஒரு பிளேட்டின் பல் போனது. மற்றதை மாட்டினார். பாவம் கேத்தி.

தண்ணீர் திறப்பதற்கு இரண்டு நாள் இருக்க, கடைசிப் பங்கு வெளித்தது. இரண்டு கரையும் தெரிந்தன. மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய மதகுக் கல் ஒன்றும் தெரிந்தது. ஊரில் சிலர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்வாங்கில் இருந்து கொழுந்துக் கதை சொன்னவரும் வந்தார். மதகுக் கல்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் எங்கள் பங்கில் ஐம்பத்திரண்டு நின்றுவிட்டது.

எங்கள் பங்கு வாய்க்காலின் நடுவில். அதில் பாதிக்கு மேல் இன்னும் பற்றை. அப்பா கயிற்றை இழுத்தார், இழுத்தார், பிறகு கயிறு அசையவே இல்லை. நடுவில் அடைத்தால் கீழே உள்ள ஒருவருக்கும் தண்ணீர் போகாது. தன் பங்கை வெட்டி முடித்த நிஷாந்தியக்காவுக்கும் போகாது. சட்டம் சொன்ன தலைவரின் பங்கிலேயே தண்ணீர் மறிபட்டால், அப்பா ஊருக்குள் எந்த முகத்தோடு நடப்பது? கத்தியோடு வர ஆள் கேட்டார். எல்லோரும் தங்கள் பங்கில் நின்றார்கள்.

நிஷாந்தியக்கா மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கரையால் நடந்து வந்தார். குனிந்து ஐம்பத்திரண்டின் டாங்கியை மணந்து பார்த்தார்.

“ஓயில் கலக்கேல்லையோ அண்ணை?”

“பைக்கில இருந்து எடுத்த நல்ல பெற்றோல்தானே.”

“பைக்குக்கு நல்லம். இதுக்கு ஓயில் இல்லாட்டிப் பிஸ்டன் இறுகிப் போகும்.”

அப்பா முகத்தைத் துடைத்தார். “இப்ப என்ன, சிரிச்சிட்டுப் போக வந்தனியோ?”

“கொஞ்சம் சிரிக்கவும் வந்தனான். வெட்டவும் வந்தனான். ஆனா ஒண்டு கேப்பன்.”

“கூலியோ?”

“கூலி வேண்டாம். வாற வருசத்தில இருந்து பங்கைத் துண்டு போட்டுக் குலுக்குவம். கடைசி எப்பவும் கடைசியில இருக்கிறவைக்கு எண்டு இருக்கக்கூடாது. அதை நீங்கள்தான் மைக்கில சொல்லோணும்.”

“என்னோடயே பேரம் பேசுறியோ?”

“சந்தியோகு அண்ணையோட பேசினதைவிட இது லேசு.”

அப்பா வாய்க்காலைப் பார்த்தார், செம்மஞ்சள் மெஷினைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

“சரி, சொல்லுறன்,” என்றார்.

அந்தப் பின்னேரமும் அடுத்த நாள் முழுவதும் நிஷாந்தியக்கா முன்னால் வெட்டிக்கொண்டு போனார். சின்ன என்ஜின் ஒரே சீராக இரைந்தது. அவர் தோள் ஒரு பக்கமும் சரியவில்லை. பின்னால் கமக்காரர் அமைப்பின் தலைவர் குனிந்து முள் இழுத்தார். கரையில் அழகையா.

“ஐயா, காலை மடக்கி இழுங்க. இல்லாட்டி இடுப்பு புடிச்சுக்கும்.”

“பிடிச்சிட்டுது அழகையா,” என்றார் அப்பா.

தண்ணீர் திறந்த நாள் நான் கடைசிப் பங்கின் கரையில் நின்றேன். முதலில் சருகு வந்தது, பிறகு நுரை, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர். பழைய மதகுக் கல்லைச் சுற்றிக்கொண்டு நிஷாந்தியக்காவின் வயலுக்குள் இறங்கியது. அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் போய் நின்றார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினார்.

அடுத்த கூட்டத்தில் அப்பா மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். “வாற வருசத்தில இருந்து வாய்க்கால் பங்கு குலுக்கலில. இதைக் கொண்டுவந்தது எங்கட கமக்காரி நிஷாந்தி,” என்றார். யோசனை அவருடையது, வாக்கைக் காப்பாற்றியது என் அப்பா. இரண்டு பேரையும் நினைத்து எனக்குப் பெருமைதான்.

பஸ்ஸில் நிஷாந்தியக்கா கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. வெட்டுகிற மெஷினைத் தேடுவதற்கு முன்பு அதைத் தூக்கப்போகிற தோளை நினைக்க வேண்டும். மெஷின் வாங்கப் போகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் சொல்வது இவ்வளவுதான்: கொழுவுங்கோ, கையை விடுங்கோ, ஒரு பிளேன் டீ குடியுங்கோ.

இதை வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு வாய்க்காலின் கடைசியில் ஒருவர் கத்தியோடு தனியே நிற்பார். நிஷாந்தியக்காவின் கதையை அவரிடம் சொல்லுங்கள். மைக் வைத்திருப்பவரிடமும் சொல்லுங்கள்.